பதிவேடும் தலைமையும்: கேமரன் மலைத் தொகுதியை முன்வைத்து ம.இ.கா. தலைமைப் பூசல் பற்றிய ஒரு நோக்கு

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், திரிங்காப்பைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் கோலா தெர்லா அமைந்துள்ளது. 'கோலா' என்பது ஆறுகள் கூடும் இடத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். தெர்லா அங்கு ஓடும் ஆற்றின் பெயர். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் இம்மலைச் சரிவுகளில் தேயிலை பரவியது. தேயிலையோடு தமிழரும் வந்து குடியேறினர். சமவெளியின் இரப்பர்த் தோட்டங்களோடு ஒப்பிடுகையில் இவர்களின் எண்ணிக்கை சிறியதே. எனினும், கோலா தெர்லா, புளூ வேலி, சுங்கை பாலாஸ், ரிங்லெட் ஆகிய இடங்களில் கோயில், தமிழ்ப்பள்ளி, தோட்டக் குடியிருப்பு என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த ஒரு வாழ்வு உருவானது. இன்று தேயிலை பறிப்போரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் காய்கறித் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் சென்றுவிட்டனர்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது தேயிலையின் வரலாறு அன்று. இம்மலை மக்களை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்த ஒருவர், தாம் தலைமை தாங்கிய அமைப்பின் உறுப்பினரே அல்லர் என்று அறிவிக்கப்பட்ட நிகழ்வையும், அந்நிலைக்கு இட்டுச்சென்ற தலைமைப் பூசலையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே நமது நோக்கமாகும். அவர் டத்தோஸ்ரீ ஜி. பழனிவேல், அமைப்பு மலேசிய இந்தியர் காங்கிரஸ் எனப்படும் ம.இ.கா. இப்பூசல் 2013 நவம்பரில் தொடங்கி 2015இல் உச்சம் பெற்றது. அதனை இரு தலைவர்களுக்கு இடையிலான போட்டியாகவே நாளேடுகள் பெரிதும் எழுதின. ஆனால் ஓர் அமைப்பில் தலைவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உறுப்பினரிடமிருந்து படிப்படியாக எவ்வாறு வெளியே நகர்ந்தது என்பதைக் காட்டும் சான்றாகவே நாம் இதனைக் காண்கிறோம்.

முந்தைய பூசல்கள்

தலைமைப் போட்டி ம.இ.கா.வுக்குப் புதிதன்று. 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தோற்றம் பெற்ற இவ்வமைப்பின் முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜியின் இயக்கத்தில் பங்கேற்ற வழக்கறிஞர். அவருக்குப் பின் புத் சிங், கே. இராமநாதன், கே.எல். தேவாசர் ஆகியோர் தலைமையேற்றனர். தேவாசரின் காலத்தில், 1954இல், ம.இ.கா. கூட்டணிக் கட்சியில் இணைந்தது. அதற்கு அடுத்த ஆண்டே அவர் தலைமையை இழந்தார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் தலைவரானார். நகரத்து ஆங்கிலக் கல்வி பெற்ற தலைமையிலிருந்து தோட்டப்புறத் தமிழரை அடித்தளமாகக் கொண்ட தலைமைக்கு இயக்கம் மாறிய தருணம் இது என்று கருதுவது பொருத்தமாகும். அம்மாற்றத்தை நிகழ்த்தியது வாக்கு.

சம்பந்தனின் இறுதிக் காலம் இதனினும் சிக்கலானது. 1970களின் தொடக்கத்தில் அவருக்கும் துணைத் தலைவர் வெ. மாணிக்கவாசகத்துக்கும் இடையே கட்சி பிளவுபட்டு நின்றது. கிளைகள் இரண்டு அணிகளாயின. அப்பூசலைத் தீர்த்தது பேராளர் மாநாடு அன்று. பிரதமர் துன் அப்துல் ரசாக் செய்துவைத்த சமரசமே தீர்த்தது. அதன்படி 1973இல் சம்பந்தன் விலகினார், மாணிக்கவாசகம் பொறுப்பேற்றார். கட்சிக்கு வெளியே இருந்த ஒருவரின் சொல் கட்சியின் தலைமையை முடிவு செய்தது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். ஆயினும் அச்சொல்லை இரு தரப்பினரும் ஏற்றனர். அமைப்பு உடையவில்லை.

1977இல் துணைத் தலைவர் பதவிக்கு நடந்த போட்டியில் ச. சாமிவேலு, எஸ். சுப்பிரமணியத்தை 26 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1979 அக்டோபரில் மாணிக்கவாசகம் மறைந்தபோது துணைத் தலைவர் என்ற முறையில் சாமிவேலுவே தலைமைக்கு வந்தார். அந்த 26 வாக்குகள் ஏறத்தாழ 31 ஆண்டு காலத் தலைமையைத் தீர்மானித்தன என்று கூறினால் அது மிகையாகாது. 1988இல் உதவித் தலைவர் எம்.ஜி. பண்டிதன் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1990இல் அவர் ஐ.பி.எப். கட்சியைத் தொடங்கினார். 1989இல் சாமிவேலுவைத் தலைவர் பதவிக்கு எதிர்த்து நின்ற எஸ். சுப்பிரமணியம் தோற்றார். அதே சுப்பிரமணியம் 2006இல் துணைத் தலைவர் பதவியையும் பழனிவேலிடம் இழந்தார். 2009இல் மும்முனைப் போட்டியில் எஸ். சுப்பிரமணியத்தையும் எஸ். சோதிநாதனையும் வென்று பழனிவேல் அப்பதவியைத் தக்கவைத்துக்கொண்டார். 2010 டிசம்பர் 6ஆம் நாள் சாமிவேலு தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். முன்னாள் பத்திரிகையாளரான பழனிவேல் அதிகம் பேசாதவர். மேடையை ஆளும் தலைவருக்குப் பழகிப்போன ஒரு கட்சியில் அவ்வியல்பு அவருக்கு உதவியதா, ஊறு செய்ததா என்பது தனியே ஆராயத்தக்கது.

கேமரன் மலைத் தொகுதி

2003ஆம் ஆண்டுத் தொகுதி எல்லைச் சீரமைப்பில் கேமரன் மலை தனி நாடாளுமன்றத் தொகுதியாயிற்று. தானா ராத்தா, ஜெலாய் என்னும் இரு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்ட இதில் மலாய்க்காரர், சீனர், பூர்வகுடியினர், இந்தியர் என நான்கு பிரிவினரும் வாழ்கின்றனர். இந்தியர் இதில் சிறுபான்மையினரே. ஆயினும் தேசிய முன்னணியின் பங்கீட்டில் இத்தொகுதி ம.இ.கா.வுக்கு வந்தது. 2004, 2008 ஆகிய இரு தேர்தல்களிலும் எஸ்.கே. தேவமணி வென்றார்.

2008ஆம் ஆண்டு மார்ச்சுத் தேர்தல் ம.இ.கா.வின் வரலாற்றில் பெரும் சரிவு. 2004இல் போட்டியிட்ட 9 இடங்களையும் வென்ற கட்சி, இம்முறை 3 இடங்களை மட்டுமே வென்றது: செகாமட்டில் டாக்டர் ச. சுப்பிரமணியம், தாப்பாவில் எம். சரவணன், கேமரன் மலையில் தேவமணி. சாமிவேலு சுங்கை சிப்புட்டிலும் பழனிவேல் உலு சிலாங்கூரிலும் தோற்றனர். இங்குக் குறிப்பிடும் டாக்டர் ச. சுப்பிரமணியம், முன்னர்க் கூறிய எஸ். சுப்பிரமணியத்தினின்றும் வேறானவர். ஒரே பெயர் இரு தலைமுறைப் பூசல்களிலும் இடம்பெறுவதால் மாணவர் குழம்புவதுண்டு.

இச்சரிவுக்குப் பின், எஞ்சிய சில தொகுதிகளின் மதிப்பு கட்சிக்குள் பலமடங்கு உயர்ந்தது. 2013 மே மாதத் தேர்தலில் தேவமணி சுங்கை சிப்புட்டுக்கு மாற்றப்பட்டுத் தோற்றார். கேமரன் மலையில் தேசியத் தலைவர் பழனிவேல் நின்றார். ஜனநாயகச் செயல் கட்சியின் எம். மனோகரனை அவர் 462 வாக்கு வேறுபாட்டில் வென்றார். கோலா தெர்லாவிலும் பிற தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழருக்குத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரே கட்சியின் தேசியத் தலைவராகவும், இயற்கை வளம், சுற்றுச்சூழல் அமைச்சராகவும் அமைந்தது புதிய நிலை. காடழிப்பும் சட்டத்துக்குப் புறம்பான நில வெட்டும் மலிந்திருந்த மலையை, அத்துறைக்கே பொறுப்பான அமைச்சர் பிரதிநிதித்தார். 2013 அக்டோபர் 23 அன்று சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. 2014 நவம்பரில் ரிங்லெட் வட்டாரம் மீண்டும் சேற்று வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது. நிலம், நீர், குடியிருப்பு ஆகியவை பற்றி மலை மக்கள் கேட்பதற்கு எவ்வளவோ இருந்த அதே காலத்தில்தான் கட்சிப் பூசல் முற்றியது.

2013ஆம் ஆண்டுக் கட்சித் தேர்தல்

ம.இ.கா.வில் தேசியத் தலைவரைக் கிளைத் தலைவர்கள் தேர்ந்தெடுப்பர். துணைத் தலைவர், உதவித் தலைவர்கள், மத்திய செயலவை உறுப்பினர்கள் ஆகியோரைப் பேராளர்கள் தேர்ந்தெடுப்பர். ஆகவே கட்சியின் அடிப்படை அலகு கிளையே. எத்தனை கிளைகள் உள்ளன, அவற்றுள் எவை ஆண்டுக் கூட்டம் கூட்டின, யார் அவற்றின் தலைவர் என்னும் பட்டியலை வைத்திருப்பவரே தேர்தலின் போக்கையும் தம் கையில் வைத்திருக்கிறார். பட்டியலில் உயிரோடு இருந்து ஊரில் இல்லாத கிளை, ஊரில் இருந்து பட்டியலில் இடம்பெறாத கிளை என்னும் இருவகைக் குறைகளும் இக்கட்சியின் தேர்தல்களில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தவைதாம். நம்மில் கோயில் நிர்வாகத்திலோ இலக்கியக் கழகத்திலோ பொறுப்பு வகித்தவர்களுக்கு இது விளக்காமலே விளங்கும். உறுப்பினர் பட்டியல் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் பொதுக்கூட்டமும் இருக்கிறது.

2013இல் தலைவர் பதவிக்குப் பழனிவேல் போட்டியின்றித் தேர்வானார். டாக்டர் ச. சுப்பிரமணியம் துணைத் தலைவராக நீடித்தார். உச்சியில் அமைதி நிலவியது. அதற்கு அடுத்த நிலையில்தான் போட்டி. 2013 நவம்பர் 30 அன்று மலாக்காவில் நடைபெற்ற தேர்தலில் 3 உதவித் தலைவர்களும் 23 மத்திய செயலவை உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அத்தேர்தல் நடத்தப்பட்ட முறை குறித்துத் தோற்றவர்கள் உள்ளிட்ட பலர் சங்கப் பதிவிலாகாவிடம் முறையிட்டனர். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2014 டிசம்பரில், பதிவிலாகா அத்தேர்தல் செல்லாது என்றும் மறுதேர்தல் நடத்தப்பட வேண்டும் என்றும் அறிவித்தது.

இங்குச் சற்று நின்று நோக்க வேண்டும். கட்சிக்குள் எழுந்த முறையீடு கட்சிக்குள்ளேயே ஆராயப்பட்டுத் தீர்க்கப்பட்டிருந்தால் இப்பூசல் மலாக்காவிலேயே முடிந்திருக்கக்கூடும். பெரும்பாலான தலைமைப் பூசல்கள் தலைவர் பதவியில் தொடங்குவதில்லை. மூன்றாம் நிலைப் பதவியொன்றில் சில வாக்குகளை எண்ணியதில் ஏற்பட்ட ஐயமே, விடை காணப்படாதபோது, மேலேறித் தலைமையைத் தொடுகிறது. எண்ணிக்கையை மறுபடி பார்க்கும் ஒரு நாள் வேலைக்கு இசையாத அமைப்புகள் பின்னர் ஈராண்டுகளை அதற்குச் செலவிடுகின்றன.

பதிவிலாகாவின் இடம்

1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் ஓர் அரசியல் கட்சியும் ஒரு திருமுறை மன்றமும் ஒரே வகையில் 'சங்கம்' ஆகும். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் பொறுப்பாளர் பட்டியலையும் கணக்கையும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும். அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. உறுப்பினர்களிடையே ஏற்பட்ட பூசலால், முறையாக அமர்த்தப்பட்ட பொறுப்பாளர்கள் யார் என்பது பற்றிப் பதிவாளருக்குத் தெளிவு ஏற்படவில்லை எனின், பூசல் தீர்ந்ததற்கான சான்றையோ தீர்வுக்கான நடவடிக்கை தொடங்கப்பட்டதற்கான சான்றையோ ஒரு மாதத்துக்குள் அளிக்குமாறு அவர் அச்சங்கத்தைக் கோரலாம். அளிக்கத் தவறினால் பதிவு நீக்கப்படலாம். சட்டத்தின் இச்சொற்களில் 'நல்ல தலைவர்', 'பெரும்பான்மை பெற்ற தலைவர்' என்பன போன்றவை இல்லை. பதிவாளர் கேட்பது ஒன்றே: எந்தப் பெயரை ஏட்டில் எழுதுவது?

இத்துடன் இணைத்துக் காண வேண்டியது 18-சி பிரிவு. 1987 ஏப்ரலில் அம்னோ தலைவர் தேர்தலில் டாக்டர் மகாதீர் 761 வாக்குகளும் துங்கு ரசாலி ஹம்சா 718 வாக்குகளும் பெற்றனர். அதனைத் தொடர்ந்த வழக்கில், பதிவு பெறாத கிளைகள் இருந்தன என்ற காரணத்தால் 1988 பிப்ரவரி 4 அன்று அம்னோவே சட்டத்துக்குப் புறம்பான சங்கம் என உயர் நீதிமன்றம் அறிவித்தது. நாட்டின் மிகப் பெரிய கட்சி கிளைப் பதிவுக் குறையால் மறைந்தது. அவ்வனுபவத்துக்குப் பின் 1990இல் செய்யப்பட்ட திருத்தத்தால், கட்சியின் விதிகளுக்குப் பொருள் கூறுவதிலும் கட்சி விவகாரங்களிலும் கட்சியின் முடிவே இறுதியானது, நீதிமன்றத்தில் அதனை எதிர்க்க இயலாது என்னும் விதி சேர்க்கப்பட்டது. கட்சிக்குத் தன்னாட்சி வழங்குவதாகவே இவ்விதி தோன்றுகிறது. ஆனால் கட்சிக்குள்ளேயே எந்தக் குழு 'கட்சி' என்பது தெளிவாகாதபோது, நீதிமன்றத்தின் கதவு ஏறத்தாழ அடைபட்டிருக்க, பதிவிலாகாவின் கதவு மட்டுமே திறந்திருக்கிறது. நீதிமன்றத்தை விலக்கியதன் பயன் உறுப்பினருக்குப் போய்ச் சேரவில்லை. பதிவதிகாரிக்கே சேர்ந்தது என்பது நமது கருத்து.

தமிழகத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.இ.அ.தி.மு.க. பிளவுற்றபோது இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 1989 சனவரித் தேர்தலில் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் ஜெயலலிதா அணி சேவலிலும் நின்றன. மக்கள் வாக்களித்தனர், தோற்ற அணி தன் வலிமையை அறிந்தது, அதன்பின் இரண்டும் இணைந்தன. 2022 ஜூலையில் அதே கட்சியில் எழுந்த பூசல் நீதிமன்றங்களுக்குச் சென்றது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அதே ஆண்டு ஏப்ரலில் தேர்தல் ஆணையத்தின் ஏற்பும் எடப்பாடி கே. பழனிசாமிக்குச் சார்பாக அமைந்தன. அங்குப் பூசல் சின்னத்தைச் சுற்றியது. மலேசியாவில் பதிவேட்டைச் சுற்றியது. தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்தில் நிற்கும் ம.இ.கா.வுக்குத் தனக்கென மக்கள்முன் சோதித்துப் பார்க்க ஒரு சின்னமும் இல்லை.

2015: இரு தரப்பும் ஒரு விதியும்

மறுதேர்தலை யார் நடத்துவது என்பதே அடுத்த வினா. 2013இல் தேர்வான செயலவை செல்லாது எனின், அதற்கு முன் முறையாகத் தேர்வான 2009ஆம் ஆண்டுச் செயலவையே அப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது பதிவிலாகாவின் நிலைப்பாடாயிற்று. காலம் ஆறாண்டு பின்னோக்கிச் சென்றது. 2013இல் வென்றவர்கள் பொறுப்பற்றவராயினர். 2009இல் இருந்தவர்கள் மீண்டும் பொறுப்பாளராயினர். பழனிவேல் தரப்பு இதனை ஏற்கவில்லை. டாக்டர் சுப்பிரமணியம் தரப்பு இதனை ஏற்று நடந்தது. பிரதமர் நஜிப் தேசிய முன்னணித் தலைவர் என்ற முறையில் செய்துவைக்க முயன்ற சமரசமும் நிலைக்கவில்லை. 1973இல் பிரதமரின் சொல்லோடு முடிந்த பூசலை இதனோடு ஒப்பிடுக. புரவலரின் சொல்லுக்கு இருந்த இடத்தை இப்போது பதிவிலாகாவின் கடிதம் எடுத்துக்கொண்டிருந்தது.

பழனிவேலும் அவரைச் சார்ந்த நால்வரும் பதிவிலாகாவின் முடிவுகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடினர். 2015 ஜூன் 15 அன்று அவர்களின் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. ஆனால் தோல்வியைவிட, வழக்குத் தொடுத்த செயலே அவருக்குப் பெரும் கேடாயிற்று. ம.இ.கா.வின் அமைப்பு விதி 91, கட்சி விவகாரத்தை உள்வழிகளில் தீர்க்க முயலாமல் நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லும் உறுப்பினர் தம் உறுப்பினர் தகுதியைத் தாமாகவே இழப்பார் என்று கூறுகிறது. அவ்விதியின்படி ஐவரும் உறுப்பினர் தகுதியை இழந்துவிட்டனர் என எதிர்த்தரப்பு அறிவித்தது. அதே மாத இறுதியில் பதிவிலாகா டாக்டர் சுப்பிரமணியத்தை இடைக்காலத் தலைவராக ஏற்றது. கிளைத் தலைவர்களால் போட்டியின்றித் தேர்வு பெற்ற தேசியத் தலைவர், ஒரு வாக்குச்சீட்டும் அவருக்கு எதிராக இடப்படாமலே, சாதாரண உறுப்பினராகக்கூட இல்லாதவரானார்.

இவ்விதி வியப்புக்குரியதன்று. நம் நாட்டுச் சங்கங்கள் பலவற்றின் விதிகளில் இதுபோன்ற ஒரு வாசகம் உண்டு. சிறு பிணக்குகளை நீதிமன்றம் வரை இழுப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் அது தானாகவே நிறைவேறும் விதியாக இருப்பதில்தான் சிக்கல் உள்ளது. உள்வழிகள் தீர்ந்தனவா, வழக்கு கட்சிக்கு எதிரானதா அரசுத் துறைக்கு எதிரானதா என்பவற்றை யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். எந்தக் குழு முறையானது என்பதே பூசலாக இருக்கும்போது, அம்முடிவை எடுக்கும் குழு எது? இவ்வினாவுக்கு விதியில் விடையில்லை. விடை மீண்டும் பதிவிலாகாவின் ஏற்பிலிருந்தே வந்தது. எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பதிவிலாகாவின் கோரிக்கை நிறைவேறாவிடில் கட்சியின் பதிவே நீங்கும் என்ற அச்சம் உண்மையானது. 1946 முதல் நிலைத்த அமைப்பை ஒருவரின் பதவிக்காக இழக்கலாகாது என்று அவர்கள் கருதினர். பழனிவேல், தலைவர் என்ற முறையில், தொடக்கத்திலேயே மறுதேர்தலை விரைந்து நடத்தியிருந்தால் நிலைமை இவ்வளவு தூரம் சென்றிராது என்பதும் மறுக்கவியலாதது.

2015 ஜூலை 28 அமைச்சரவை மாற்றத்தில் பழனிவேல் அமைச்சர் பதவியை இழந்தார். கட்சியில் மறுதேர்தல் கிளை நிலையிலிருந்து நடந்தது. டாக்டர் சுப்பிரமணியம் தலைவரானார். நவம்பரில் துணைத் தலைவர் பதவிக்குச் சரவணனோடு போட்டியிட்டுத் தேவமணி வென்றார்.

மலையில் எஞ்சியது

பழனிவேல் 2018 ஏப்ரலில் நாடாளுமன்றம் கலைக்கப்படும் வரை கேமரன் மலையின் உறுப்பினராகவே இருந்தார். கட்சி அவரைத் தன்னவர் என ஏற்கவில்லை; தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. கோலா தெர்லாவில் நிலத்துக்கான தற்காலிக உரிமம் பற்றியோ பள்ளிக் கட்டடம் பற்றியோ மனு எழுத விரும்பியவர், தம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவதா, ம.இ.கா. தொகுதித் தலைமைக்கு எழுதுவதா என்னும் நிலை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்தது. 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 49-ஏ பிரிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் கட்சியிலிருந்து விலகினாலோ உறுப்பினராக இல்லாமற் போனாலோ தொகுதியை இழப்பார் என்கிறது. கட்சி நீக்கினால் இழக்கமாட்டார். விதி 91இன்படி 'தாமாகவே' தகுதியிழப்பது இவற்றுள் எதில் அடங்கும்? 2015இல் இச்சட்டம் இருந்திருப்பின், கேமரன் மலையில் இடைத்தேர்தல் நடந்திருக்குமா என்ற வினாவும் எழுந்திருக்கும். சட்டம் பயில்வோர் இதனைத் தனியே ஆராயலாம்.

2018 மே மாதத் தேர்தலில் ம.இ.கா.வின் சி. சிவராஜ் 597 வாக்கு வேறுபாட்டில் மனோகரனை வென்று தொகுதியைக் காத்தார். அத்தேர்தலில் டாக்டர் சுப்பிரமணியம் செகாமட்டை இழந்தார். கட்சிக்கு மிஞ்சியவை தாப்பாவும் கேமரன் மலையும் மட்டுமே. ஆனால் வாக்காளரைக் கவர ஊழல் நடவடிக்கை நிகழ்ந்தது எனக் கண்ட தேர்தல் நீதிமன்றம் 2018 நவம்பர் 30 அன்று கேமரன் மலை வெற்றியைச் செல்லாது என அறிவித்தது. 2019 சனவரி 26 இடைத்தேர்தலில் ம.இ.கா. நிற்கவில்லை. தேசிய முன்னணியின் வேட்பாளராக ரம்லி முகமட் நோர் நின்று வென்றார். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியினர் அவர். தொகுதி ம.இ.கா.வின் கையை விட்டுப் போனதற்கு நேரடிக் காரணம் நீதிமன்றத் தீர்ப்பே. தலைமைப் பூசலை அதற்குக் காரணமாகக் காட்டுவது வரலாற்று நேர்மையாகாது. பூர்வகுடியினர் மிகுந்து வாழும் ஒரு தொகுதி அவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததை இழப்பு என்று மட்டும் நாம் எழுதுவதும் முறையன்று. இருப்பினும், 2013க்கும் 2018க்கும் இடையில் இத்தொகுதியில் தன் வேரை ஊன்றிக்கொள்ளக் கிடைத்த ஐந்தாண்டுகளில் பெரும்பகுதியைக் கட்சி, தன் தலைவர் யார் என்று கண்டறிவதில் கழித்தது.

பழனிவேல் 2025 ஜூனில் மறைந்தார். 2022 பொதுத்தேர்தலில் ரம்லி கேமரன் மலையைத் தக்கவைத்துக்கொண்டார். ம.இ.கா. அத்தேர்தலில் வென்ற ஒரே நாடாளுமன்றத் தொகுதி தாப்பா. கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை தொடங்குமிடமும் அதுவே.